பழைய லீஃபா, அவுட்லாண்டரா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (சாவகச்சேரி): ஆசிரியையாக இருக்கிறேன். யாழ்ப்பாணம் போய்வர நாளுக்கு 32 கிலோமீற்றர், மாதத்தில் 25 நாள். மாதம் ஒரு தடவை கொழும்பு. 24 யூனிற் பற்றரியுள்ள பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றும், 12 யூனிற் பற்றரியுள்ள மிற்சுபிசி அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட் (சார்ஜும் போடலாம், பெற்றோலிலும் ஓடும்) ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். செலவுக்கும் சூழலுக்கும் எது நல்லது?

பதில்: லீஃப். பற்றரியைச் சரியாகப் பார்த்து வாங்கினால் மட்டும்.

பெற்றோல் லீற்றர் 300 ரூபா, கரண்ட் யூனிற் 60 ரூபா என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். சுவரில் எடுக்கும் ஒரு யூனிற்றுக்கு லீஃப் 6 கிலோமீற்றர் ஓடும். உங்கள் 800 கிலோமீற்றருக்கு 133 யூனிற், ஏறக்குறைய 8,000 ரூபா. அவுட்லாண்டர் பாரமான வண்டி. யூனிற்றுக்கு 4 கிலோமீற்றர்தான். இந்த வயதில் ஏசி போட்டு ஒரு சார்ஜில் 25 கிலோமீற்றர் தந்தாலே நல்ல பற்றரி. மிச்சம் 7 கிலோமீற்றருக்கு ஒவ்வொரு நாளும் எஞ்சின் இயங்கும். கரண்டும் 15 லீற்றர் பெற்றோலுமாக 14,000 ரூபா வரும். பாடசாலையிலும் சார்ஜ் போட இடம் தந்தால் பெற்றோல் செலவு இல்லாமற் போகும். சார்ஜே போடாமல் ஓடினால் 67 லீற்றர், 20,000 ரூபா. எஞ்சின் ஒயில், பில்டர், கூலன்ற் செலவு வேறு.

சார்ஜ் போடாமல் ஓடும் அந்தக் கணக்கைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இவ்வகைக் கார்கள் வீதியில் விடும் கரியமிலவாயு, பரிசோதனைக்கூட அளவைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2024இல் சொன்னது. எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் சார்ஜ் போடாததே முக்கிய காரணம். தவிர, சின்னப் பற்றரி நாளாந்தம் முழுதாக நிரம்பி முழுதாக வடிவதால் கெதியில் தேயும்.

கொழும்புக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போங்கள். 400 கிலோமீற்றருக்கு லீஃபை நான்கைந்து தரம் பாஸ்ட் சார்ஜ் பண்ணவேண்டும். அதன் பற்றரிக்குக் குளிரூட்டி இல்லை. சூடேற ஏற சார்ஜ் வேகம் குறையும், ஆயுளும் குறையும். கிழமைக்கு ஒரு தடவை கொழும்பு போகவேண்டியவர் என்றால் அவுட்லாண்டரைத்தான் சொல்லியிருப்போம்.

சார்ஜ் போட வீட்டில் இருக்கும் 13 ஆம்பியர் பிளக்கைப் பாவிக்கவேண்டாம். 3 கிலோவாற் ஐந்து மணித்தியாலம் தொடர்ந்து இழுத்தால் அது உருகிப்போகலாம். 4 சதுர மில்லிமீற்றர் தனி வயர், 20 ஆம்பியர் பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த்: இந்த நான்கும் முதலில். மாதத்தில் 180 யூனிற்றைத் தாண்டினால் கூடிய கட்டண விகிதத்துக்குள் போவீர்கள் என்பதையும் வீட்டுப் பில்லோடு சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி (வவுனியா): விற்பவர் காட்டும் லீஃபில் பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடும் நிற்கிறது. நம்பலாமா?

பதில்: கோட்டை நம்பி வாங்கவேண்டாம். பற்றரிக் கணினியை ரீசெற் பண்ணினால் தேய்ந்த பற்றரியும் சில கிழமைகளுக்கு 12 காட்டும். காரின் கணினியை வாசிக்கும் ஓ.பி.டி. புளூடூத் கருவியை மாட்டி, லீஃப் ஸ்பை செயலியில் 96 செல் சோடிகளின் வோல்ற்றேஜைப் பாருங்கள். சார்ஜ் 20 வீதத்துக்கு இறங்கிய நிலையில், கார் ஓடும்போது, கூடியதற்கும் குறைந்ததற்கும் வித்தியாசம் 100 மில்லிவோல்ற்றுக்கு மேல் போனால் பலவீனமான செல் உண்டு. முழுதாக இருக்கும்போது பார்த்தால் இது தெரியாது. அதனால்தான் காட்டவரும் வண்டி எப்போதும் நிறைந்த சார்ஜோடு வரும். பிறகு 100 வீதம் நிரப்பி ஏசி போட்டு 40 கிலோமீற்றர் ஓடுங்கள். பாதி முடிந்தால் அந்தக் கார் 80 கிலோமீற்றர் கார். விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

கேள்வி (மானிப்பாய்): இரவுக் கரண்ட் நுரைச்சோலை நிலக்கரிதானே? பெற்றோல் காரைவிட என்ன பிரயோசனம்?

பதில்: நியாயமான கேள்வி. நிலக்கரியில் ஒரு யூனிற்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமிலவாயு வரும். முழுக்க நிலக்கரியே என்றால் லீஃபுக்குக் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 165 கிராம். லீற்றருக்கு 14 ஓடும் பெற்றோல் காருக்கும் அதே அளவுதான். ஆனால் 900 மெகாவாற் நுரைச்சோலையோடு நீர்மின்சாரமும் காற்றாலையும் அதே கம்பியில் வருவதால் உண்மையான அளவு குறைவு.

மிகவும் சுத்தம் நண்பகல் வெயில். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரத் தேவை குறைந்ததால், கூரைச் சூரியகலங்களை நிறுத்தச் சொல்லி மின்சார சபையே கேட்டது. வீணாகும் அந்த மின்சாரம் உங்கள் காருக்குள் போகட்டும். சனி, ஞாயிறு பகலில் நிரப்புங்கள்; மற்ற நாட்களில் டைமரை இரவு 10.30க்குப் பிறகு வையுங்கள். மாலை 6.30 முதல் 10.30 வரை எண்ணெய் எரிக்கும் நிலையங்களும் இயங்கும் நேரம், அப்போது வேண்டாம்.