தம்பியைக் கீழ்ப்பாக்கத்தில் சேர்த்தால் வெளியே விடுவார்களா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. கொஞ்ச நாளாக மாத்திரையைத் துப்பிவிடுகிறான். தூக்கம் இல்லை, அம்மாவையே அடிக்கக் கை ஓங்குகிறான். கீழ்ப்பாக்கத்தில் சேர்க்கச் சொல்கிறார் டாக்டர். "கோர்ட் ஆர்டர் இல்லாமல் சேர்க்க முடியாது, சேர்த்தால் வெளியே விடமாட்டார்கள்" என்று அம்மா அழுகிறார். ஏதோ போர்டு இருக்கிறதாமே, அது என்ன செய்யும்?

பதில்: அம்மா சொல்வதைக் கட்டுக்கதை என்று ஒதுக்க முடியாது. பழைய சட்டம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

1794-இல் வாலன்டைன் கனோலி என்ற சர்ஜன் புரசைவாக்கத்தில் தொடங்கியது இந்த மனநல மருத்துவமனை. 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. 1912-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விருப்பமில்லாத ஒருவரைச் சேர்க்கப் பெரும்பாலும் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். மேற்பார்வைக்குக் குறைந்தது மூன்று 'பார்வையாளர்கள்'. மாதம் ஒருமுறையாவது வந்து வார்டு வார்டாகப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதவேண்டும். அவர்களில் ஒருவர், பதவி வழியாகவே, சிறைத்துறைத் தலைவர்! நோயாளியை எந்தக் கண்ணோடு பார்த்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. மூன்று பார்வையாளர்கள் சேர்ந்து எழுதினால் ஒருவரை வெளியே அனுப்பலாம். ஆனால் இத்தனை நாளுக்குள் அவர் வழக்கைப் பார்த்தாகவேண்டும் என்ற கெடு கிடையாது. 1987-இல் வந்த அடுத்த சட்டத்திலும் மாஜிஸ்திரேட் போகவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதன்பிறகும் சட்டம் மாறப் பல வருடங்கள் ஆயின. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி 2018-இல் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் கேட்ட போர்டு, அதாவது மனநல சீராய்வு மன்றம், இந்தச் சட்டத்தில் பிறந்ததுதான்.

ஆறு பேர் கொண்ட மன்றம் அது. பணியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியோ அந்தத் தகுதியுள்ள நீதித்துறை அதிகாரியோ தலைவர். கலெக்டரின் பிரதிநிதி ஒருவர், ஒரு மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர். மீதி இரண்டு இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: நோயை அனுபவித்தவர்கள், பராமரிப்பவர்கள், அவர்களுக்காக வேலை செய்யும் அமைப்பினர் ஆகியோருக்கு அவை.

சரி, உங்கள் தம்பி விஷயத்துக்கு வருவோம். அவர் தானாகச் சம்மதித்தால் சிக்கலே இல்லை. மறுத்தால், நீங்கள் விண்ணப்பம் கொடுக்கலாம், கோர்ட்டுக்குப் போகவேண்டியதில்லை. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பார்த்து, அவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்று முடிவு செய்யவேண்டும். சேர்க்கை அதிகபட்சம் 30 நாள். ஆண் என்றால் 7 நாளுக்குள், பெண் அல்லது மைனர் என்றால் 3 நாளுக்குள் மருத்துவமனை மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

தம்பிக்கோ உங்களுக்கோ அந்தச் சேர்க்கை சரியில்லை என்று பட்டால் மன்றத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் இல்லை. 7 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். 30 நாளைத் தாண்டி வைத்திருக்க இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் மன்றத்தின் அனுமதியும் வேண்டும். அதுவும் முதலில் 90 நாள் வரைதான். வீட்டில் ஏற்றுக்கொள்ள ஆள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் உள்ளேயே வைத்திருக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. அம்மாவுக்கு இந்த வரியை வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. தம்பி தெளிவாக இருக்கும் ஒரு நேரம் பார்த்து, தன் சார்பில் யார் பேசவேண்டும் என்று வெறும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்; கைரேகையும் செல்லும். அந்தத் தாள் இல்லாவிட்டாலும் உறவினர் என்ற முறையில் நீங்கள் முன்னிற்கலாம். இருந்தாலும் அவரே தேர்ந்தெடுத்த ஆள் என்றால் பிற்பாடு அண்ணனா, மாமாவா என்ற இழுபறி வராது.

சேர்க்கும் அன்று சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் சேர்த்தார்கள் என்பதையும் தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 30 நாள் அன்றிலிருந்துதான் ஓடும். மன்றத்தின் முடிவு ஒப்பவில்லை என்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.