மூச்சு வாங்குது, ஆனால் ஆக்சிமீட்டர் 98 காட்டுது: மூச்சு பற்றிய கேள்விகள்

இந்த முறை மூச்சு பற்றி மட்டும். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வயது 44. மூணாவது மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. உடனே ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தால் 98 காட்டுகிறது. மெஷின் பழுதா?

மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. ஆக்சிஜன் குறைவதால்தான் மூச்சு வாங்குகிறது என்று எல்லாரும் நினைக்கிறோம், நுரையீரல் நன்றாக இருப்பவருக்குப் பெரும்பாலும் அப்படி இல்லை. மூச்சை முடுக்கிவிடும் முக்கியமான ஆள் கரியமில வாயு. அது ரத்தத்தில் கொஞ்சம் கூடினாலும் ரத்தம் அமிலப் பக்கம் சாயும், மூளையின் அடியில் முகுளத்தில் இருக்கும் செல்கள் அதைக் கண்டுபிடித்து வேகமாக மூச்சு விடச் சொல்லிவிடும். படி ஏறும்போது இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது: ரத்தத்தில் எதுவும் மாறுவதற்கு முன்பே, காலை எடுத்து வைத்த கணத்திலேயே, மூளையிலிருந்தும் தசைகளிலிருந்தும் சேதி போய் மூச்சு கூடிவிடுகிறது. ஆக்சிஜனைக் கண்காணிக்கும் உறுப்பும் உண்டு, கழுத்து ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி அளவில் (அதன் வேலையைக் கண்டறிந்ததற்காக பெல்ஜியத்தின் ஹேமன்ஸுக்கு 1938இல் நோபல் கிடைத்தது). ஆனால் ஆக்சிஜன் நன்றாக இறங்கிய பிறகுதான் அது பலமாகச் சத்தம் போடும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர், நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போய்வருகிறது. முழு வேகத்தில் ஓடினால் 100 லிட்டரைத் தாண்டும். அதாவது உங்கள் நுரையீரலில் இடம் தாராளமாக இருக்கிறது, தடுமாறுவது இதயமும் கால் தசையும்தான். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து பழகினால் தசை ஆக்சிஜனை நன்றாகப் பயன்படுத்தும், அமிலம் குறைவாகச் சேரும், அதே மாடிக்கு மூச்சு குறைவாக வாங்கும்.

ஆனால் ஒன்று. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினில் எவ்வளவு சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதை மட்டும்தான் ஆக்சிமீட்டர் சொல்லும், ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. ஹீமோகுளோபின் 7 ஆகக் குறைந்துபோனவருக்கும் 98 காட்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதனால் படி ஏறினால் மூச்சு இளைக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் நான் முதலில் கேட்பது ரத்தப் பரிசோதனையைத்தான். போன மாதம் சாதாரணமாக ஏறிய படியில் இப்போது பாதியில் நிற்க வேண்டியிருந்தால், நெஞ்சு இறுக்கினால், கால் வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், நடைப்பயிற்சியெல்லாம் அப்புறம், முதலில் டாக்டர்.

கேள்வி: காலையில் மொட்டை மாடியில் வேகமாக ஆழமூச்சு இழுத்து விடுகிறேன். ரெண்டு நிமிஷத்தில் தலை சுற்றுகிறது, விரல் மரத்துப் போகிறது. ஆக்சிஜன் அதிகமாகிவிட்டதா?

இல்லை, கரியமில வாயு குறைந்துவிட்டது. உங்கள் ரத்தம் ஏற்கெனவே 98 சதவீதம் நிரம்பியிருக்கிறது, அதற்கு மேல் ஏற்ற இடமே இல்லை. உள்ளே போகும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், வெளியே வருவதில் இன்னும் 16 சதவீதம் மிச்சம், கிடைப்பதையே நாம் முழுசாக எடுப்பதில்லை. வேகமாக ஊதித் தள்ளும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும், அதனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், ரத்தத்தில் கால்சியத்தின் நிலை மாறி விரலிலும் உதட்டைச் சுற்றியும் மரமரப்பு வரும். ஆழமாக விடுங்கள், வேகமாக வேண்டாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, இழுப்பதைவிட விடுவது நீளமாக. இதயத் துடிப்பு இழுக்கும்போது கொஞ்சம் ஏறி, விடும்போது இறங்கும், அதனால்தான் நிதானமாக விடும் மூச்சு மனசை அடக்குகிறது. பிராணாயாமத்தில் ரேசகத்தை (மூச்சை வெளியே விடுவதை) நீட்டச் சொல்வதும் இதைத்தான்.

கேள்வி: அண்ணா, எங்க ஊர் கிணத்துல மூச்சடக்கிப் போட்டி போடுவோம். முன்னாடி இருபது முப்பது தடவை வேகமா மூச்சு இழுத்துவிட்டா கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்க முடியுது. இது டெக்னிக்தானே?

தம்பி, இதை இன்றைக்கே நிறுத்துங்கள். மேலே சொன்ன அதே விஷயம்தான், ஆனால் தண்ணீருக்குள் நடந்தால் உயிர் போகும். வேகமாக மூச்சு விட்டதால் உள்ளே ஆக்சிஜன் கூடவில்லை, கரியமில வாயு மட்டும் காலியாகியிருக்கிறது, அதாவது 'மேலே வா' என்று கத்துகிற அலாரத்தையே அணைத்துவிட்டீர்கள். அந்த வாயு மறுபடி சேர்ந்து மூச்சு முட்டுவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்போது தவிப்பு இருக்காது, நினைவு மட்டும் போகும். கரையில் இருப்பவர்கள் இவன் இன்னும் ரெக்கார்டு போடுகிறான் என்று எண்ணிக்கொண்டே நிற்பார்கள். மேலே ஏறி வரும்போது இன்னும் ஆபத்து, நீரின் அழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனின் அழுத்தமும் சரிந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிச் செத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஓடும்போது மூக்கு வழியா, வாய் வழியா?

மெதுவாக ஓடும்போது மூக்கு. தூசியை வடிகட்டி, காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி அனுப்பும். வேகம் கூடினால் மூக்கு மட்டும் போதாது, வாய் தானாகத் திறக்கும், திறக்கட்டும். மூக்கால் மட்டுமே ஓட வேண்டும் என்று வைராக்கியம் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: ஓடினால் விலாவில் குத்துகிறதே?

காரணம் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டோ ஜூஸ் குடித்தோ ஓடாதீர்கள். குத்தினால் வேகத்தைக் குறைத்து, குத்தும் இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு மூச்சை நீளமாக விடுங்கள், அடங்கிவிடும்.

கேள்வி: ஜிம்மில் வெயிட் தூக்கும்போது மூச்சை விடச் சொல்கிறார் ட்ரெய்னர். வீடியோக்களில் அடக்கச் சொல்கிறார்கள்.

இரண்டுமே சரி. சாதாரண எடைக்குத் தூக்கும்போது விடுங்கள். நிறைய எடை வைத்து ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) போடுபவர்கள் மூச்சை அடக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி முதுகெலும்புக்குத் தாங்கல் கிடைக்கும். அதற்கு விலையும் உண்டு: 1985இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், பாடிபில்டர்களின் கை ரத்தக்குழாய்க்குள்ளேயே கருவி வைத்து அளந்தார்கள். இரண்டு காலாலும் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் செய்தபோது ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை போனது. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கண்ணில் விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்கள் அடக்கவே வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு 11 வயது. பள்ளியில் ஓடி முடித்துப் பத்து நிமிஷம் கழித்து இருமலும் வீசிங்கும் வருகிறது. விளையாட்டை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். ஓடும்போது வாய் வழியாக வேகமாகப் போகும் காற்று மூச்சுக்குழாயை உலர்த்திவிடுகிறது, அதனால் ஓட்டம் முடிந்த பிறகு குழாய் சுருங்குகிறது. டாக்டரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். ஓடுவதற்கு முன் பத்து நிமிடம், கொஞ்சம் மெதுவாக ஓடி கொஞ்சம் நின்று, உடம்பைச் சூடாக்கினாலே சிலருக்குக் குறையும், மற்றவர்களுக்கு டாக்டர் சொல்லும் இன்ஹேலரை 10-15 நிமிடம் முன்னால் எடுக்க வேண்டியிருக்கும். இன்ஹேலர் 'பழகிவிடும்' என்று பயந்து சிரப் கேட்கும் பெற்றோர்தான் எனக்குப் பெரிய தலைவலி. இன்ஹேலரில் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது, அளவும் மிகக் குறைவு. 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி பெண்கள் உலக சாதனை வைத்த பிரிட்டன் ஓட்டக்காரர் பவுலா ராட்கிளிஃப் பதின்ம வயதிலிருந்தே ஆஸ்துமா உள்ளவர். பையனுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய் போன்ற கருவி) வைத்து மருந்து எடுக்கக் கற்றுக்கொடுங்கள், ஓர் இன்ஹேலர் பள்ளிப் பையிலும் இருக்கட்டும், பி.டி. மாஸ்டரிடமும் சொல்லிவையுங்கள். உடனடி நிவாரண இன்ஹேலர் வாரத்தில் பல தடவை தேவைப்பட்டால் தினசரித் தடுப்பு மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.