ஜவ்வு விலகியிருந்தால் உடற்பயிற்சி செய்யலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். சிறு வயதிலிருந்து நடவு, களையெடுப்பு வேலைதான். தை அறுப்பு முடிந்ததிலிருந்து இடுப்பு வலி. சில நேரம் இடது தொடைவரை இழுக்கிறது. ஸ்கேனில் 'எல்4-எல்5 ஜவ்வு விலகல்' என்று வந்திருக்கிறது. பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார்கள். பயிற்சி செய்தால் ஜவ்வு இன்னும் பிதுங்கி, கால் விழுந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். பயந்துபோய் இரண்டு மாதமாகப் பெரும்பாலும் படுத்தே இருக்கிறேன். குறுவை நடவுக்குள் சரியாகுமா?

பதில்: அம்மா, முதலில் அந்தப் பயத்தைப் பேசிவிடுவோம். பயத்தோடு போனால் ஒவ்வொரு அசைவுக்கும் உடம்பை விறைத்துக்கொள்வீர்கள். நான்கு நாளில் நின்றும் விடுவீர்கள். நான் பார்த்தவரை, பிசியோதெரபியைப் பாதியில் விடுகிறவர்களில் பலர் வலி தாங்காமல் விடுவதில்லை, பயந்துதான் விடுகிறார்கள்.

'விலகல்' என்ற சொல்லே ஆளைப் படுக்க வைத்துவிடுகிறது. எல்4, எல்5 என்பவை இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகள். உண்மையில் அவற்றுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் அந்த ஜவ்வு எங்கும் நழுவிப் போவதில்லை. மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. வயது ஏற ஏற, தலை நரைப்பது போல, அதன் ஓரம் கொஞ்சம் புடைக்கும். இடுப்பு வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்தப் புடைப்பு இருந்தது. 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு. அவர்கள் யாருக்கும் வலி இல்லை. நன்றாகவே பிதுங்கிய ஜவ்வுகூடப் பலருக்குச் சில மாதங்களில் தானாகச் சுருங்கிவிடுகிறது.

படுக்கை ஓய்வை ஒரு காலத்தில் டாக்டர்களாகிய நாங்களே எழுதிக் கொடுத்தோம். அது தவறு என்று தெரிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. படுத்தே இருந்தால் முதுகுத் தசை இளைக்கும். இளைத்த தசை சின்ன வேலைக்கும் வலிக்கும். அந்த வலியைப் பார்த்து மறுபடி படுப்போம். இன்றிலிருந்தே வாசல்வரை, தெருமுனைவரை என்று நடக்க ஆரம்பியுங்கள்.

ஆனால் இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்: சிறுநீர் அடைத்துக்கொள்வது, சிறுநீரோ மலமோ தெரியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, தூங்கவிடாத ராத்திரி வலி இருந்தால் பயிற்சிக்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயையும் சந்தேகிக்க வேண்டும்.

முதல் நாள் தெரபிஸ்ட் அதிகம் கேள்விதான் கேட்பார். குனியும்போது வலிக்கிறதா, நிமிரும்போதா, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று கேட்பார். காலை நீட்டித் தூக்கிப் பார்ப்பார், குதிகாலில் நடக்கச் சொல்வார். சேலையோடு படுத்து எழுவது சிரமம்; சுடிதார் போட்டுக்கொண்டு போங்கள். பெண் தெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. துணைக்கு மகளையோ மருமகளையோ கூட்டிப்போனால், வீட்டில் பயிற்சியை நினைவுபடுத்த ஆள் இருக்கும்.

'கரண்ட் வைத்தால் போதும், பயிற்சி வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் கரண்ட் வைப்பது, அல்ட்ராசவுண்ட், இடுப்பை இழுத்துக் கட்டுவது, பெல்ட் எதுவுமே வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படவில்லை. நோயைப் புரியவைப்பதும் உடற்பயிற்சியும் பரிந்துரையில் இருக்கின்றன.

பயிற்சியில் வலி கொஞ்சம் கூடத்தான் செய்யும். மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் தணிந்தால் தொடரலாம். தணியாவிட்டால் அளவைக் குறையுங்கள். இன்னொன்று முக்கியம்: தொடை வலி மேலேறி இடுப்போடு நின்றால், இடுப்பில் கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும், அது நல்ல அறிகுறி. முழங்காலுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டுத் தெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள்.

டவுனுக்கு அடிக்கடி போக முடியாவிட்டால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

சரி, குறுவைக்கு வருவோம். பயிற்சியின் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். மேட்டூர் வழக்கம்போல் ஜூன் 12-இல் திறந்தால், நடவு தொடங்கும்போது நீங்கள் பாதி வழியில்தான் இருப்பீர்கள். அதனால் இந்தக் குறுவைக்கு முழுநாள் நடவு வேண்டாம். ஒரு மணி நேரம் நட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, கையை இடுப்பில் வைத்துப் பின்பக்கம் நான்கைந்து முறை வளையுங்கள். தெரபிஸ்ட்டிடம் முதல் நாளே 'நான் நடவு ஆள், சம்பாவுக்கு வயலில் இறங்க வேண்டும்' என்று சொல்லிவிடுங்கள். சொன்னால்தான் குனிந்து நிற்கும் பயிற்சியையும் படிப்படியாகச் சேர்ப்பார்.