கோபால்ட் ஆக்சைடு ஆய்வும் உங்கள் மகளின் வேலையும்

அன்புள்ள அம்மா,

கோபால்ட் கலந்த பெரோவ்ஸ்கைட் (ஒரு வகைப் படிக அமைப்பு) ஆக்சைடுகளின் காந்தப் பண்பையும் குளிரூட்டும் திறனையும் முனைவர் பட்டத்துக்கு எடுக்கப்போவதாக மகள் சொன்னதிலிருந்து உங்களுக்கு நிம்மதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "இதைப் படித்தவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" என்ற கேள்வி நியாயமானது. விடை சொல்வதற்கு முன், அவர் என்ன செய்யப்போகிறார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சில பொருள்கள் காந்தப்புலத்துக்குள் போகும்போது சூடேறும், வெளியே வரும்போது குளிரும். இந்தக் காந்தவெப்ப விளைவைக் கொண்டு ஜியோக், மெக்டூகல் என்ற ஆய்வாளர்கள் 1933-இல் 0.25 கெல்வின் வரை இறங்கினார்கள் (கெல்வின் அளவில் பூஜ்யம் என்பது −273 டிகிரி செல்சியஸ்). அறை வெப்பநிலையில் இதைச் செய்துகாட்டப் பெரிதும் பயன்படுவது கடோலினியம் உலோகம். அதன் காந்த மாற்றம் ஏறத்தாழ 293 கெல்வினில் (20 டிகிரி செல்சியஸ்) நிகழ்கிறது. கோபால்ட் ஆக்சைடுகளின் குணம் வேறு. லாந்தனம் கோபால்ட் ஆக்சைடில், கோபால்ட் அயனியின் ஆறு டி-எலக்ட்ரான்களும் (காந்தத்தன்மை தரக்கூடியவை) கடுங்குளிரில் இணை இணையாக அடங்கிவிடுவதால் காந்தத்தன்மை மறைந்துபோகிறது. வெப்பநிலை 100 கெல்வினை நெருங்கும்போதுதான் அது விழித்தெழுகிறது. லாந்தனத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு ஸ்ட்ரான்ஷியத்தைச் சேர்த்தால் அதே பொருள் ஃபெர்ரோகாந்தமாகிறது (இரும்பைப் போலக் காந்தமாகிறது) என்றாலும், அந்த ஒழுங்கு சுமார் 250 கெல்வினுக்கு (−23 டிகிரி செல்சியஸ்) மேல், அதாவது அறை வெப்பநிலையில், நிலைப்பதில்லை.

எனவே, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியை இந்தப் பொருள் மாற்றிவிடும் என்று யாராவது உங்கள் மகளுக்கு ஆசை காட்டியிருந்தால் அதை நம்ப வேண்டாம். லாந்தனத்துக்குப் பதில் கடோலினியத்தை வைக்கும்போது கோபால்ட் அமைதியாக இருக்க, கடோலினியம் மட்டும் காந்தமாக இயங்கிச் சில கெல்வின் அளவிலான குளிருக்கு உதவுகிறது. அழகான இயற்பியல், ஆனால் அதற்கான களம் சிறியது.

அப்படியிருந்தும் நான் இந்தத் தலைப்பை மறுக்கவில்லை. காரணம், அவர் கைக்கு வரப்போகும் பழக்கம். ஓர் உதாரணம்: லாந்தனம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சும். அதை உலையில் நன்கு சுட்டு, ஆறியவுடன் தாமதமின்றி எடைபோடாவிட்டால், தராசு காட்டும் எடையில் தண்ணீரும் சேர்ந்திருக்கும். லாந்தனம் குறைந்துபோக, மிஞ்சிய கோபால்ட் தனி ஆக்சைடாக நின்று படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் வேண்டாத முகடுகளாகத் தெரியும். அந்த முகடு எங்கிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கப் பழகியவரை பீங்கான் (செராமிக்) பொருள்கள், மின்கலம், காந்தம், குறைகடத்தி ஆகிய துறைகளின் ஆய்வகங்கள் தேடுகின்றன. திண்ம ஆக்சைடு எரிபொருள் கலத்தின் காற்றுப்பக்க மின்முனையாக லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம், கோபால்ட், இரும்பு கலந்த பெரோவ்ஸ்கைட்டே பயன்படுகிறது. இங்கே கற்ற வேதியியல் அங்கே அப்படியே கைகொடுக்கும்.

தலைப்பைவிட ஆய்வகத்தைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும். காந்தத்தன்மையை அளக்கும் காந்தமானி அங்கேயே இருக்கிறதா, அல்லது மாதிரியை வெளியே அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா? கடுங்குளிர் அளவீட்டுக்கு வேண்டிய திரவ ஹீலியம் தடையின்றிக் கிடைக்கிறதா? கருவியை மாணவர்களே இயக்குகிறார்களா? முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே பணிபுரிகிறார்கள்? அளவுகோலாக நான் மிகவும் நம்புவது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான். கோபால்ட் ஆக்சைடுத் தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. எனவே தூளையும் புகையையும் உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பும் முகக்கவசமும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கின்றனவா என்பதையும் அவர் நேரில் பார்த்து வரட்டும்.

முதல் ஆண்டிலேயே தரவுப் பகுப்பாய்வுக்காக ஒரு நிரல்மொழியையும் அவர் கற்கத் தொடங்க வேண்டும். குளிரூட்டும் திறனைக் காட்டும் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மாற்றத்தைக் கணக்கிட, பல வெப்பநிலைகளில் எடுத்த காந்தமாக்க வளைகோடுகளை ஒன்றுசேர்த்துத் தொகையிட வேண்டியிருக்கும்; அதைக் கையால் செய்து மாள முடியாது. ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு வந்ததும், மேற்சொன்ன கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களை அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். சேர்வதா வேண்டாமா என்பதை அவற்றை வைத்து மூவருமாகப் பேசி முடிவெடுப்போம்.