அது ஒரே பாட்டுதான், இரண்டு குரல்கள்

வணக்கம். 'அமாச்சான்' என்ற ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரில் சுசுகா ஹிரோமியாக வந்த நடிகை யாகுஷிமாரு ஹிரோகோவின் பழைய பாடல்களைத் தேடினால், 'சைலர் ஃபுகு தோ கிகான்ஜூ' பாட்டின் அதே மெட்டில் ஓர் ஆண் பாடுகிறார், எது அசல் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே அசல்தான். மெட்டமைத்த கிசுகி தகாவோ, 1981இல் அதை 'யுமே நோ தோச்சூ' என்று தானும் பாடினார். அதே ஆண்டு வந்த 'சைலர் ஃபுகு தோ கிகான்ஜூ' படத்தில் நடித்த ஹிரோகோ, படத்தின் பெயரிலேயே பாடி வெளியிட்டார். வரிகளில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். ஹிரோகோவின் முதல் தனிப்பாடல் அது. அப்போது வயது 17.

அடுத்து 1983இன் 'தான்தேய் மோனோகதாரி' கேளுங்கள், ஓதாகி எய்இச்சியின் இசை. ஆனால் எனக்கு உயிர் 1984இன் 'உமன்'தான். மெட்டு மாட்சுதோயா யூமியுடையது. குரேதா கருஹோ என்ற புனைபெயரில் போட்டார். சரணம் முடிந்து அந்த நீண்ட 'ஆ' வரும் இடத்தை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். கமகமோ நடுக்கமோ இல்லை. கோயர் சிறுமி போல நேராகப் பிடித்து நிற்கிறார். அந்த நேர்மைதான் நெஞ்சைப் பிசைகிறது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அங்கே கண் கலங்கிவிடும்.

அப்புறம், ஆங்கில எழுத்தில் தேடாதீர்கள். ஜப்பானிய விக்கிப்பீடியாவில் அவர் பெயரையும் பாட்டின் பெயரையும் அப்படியே நகலெடுத்துத் தேடுங்கள். முதல் ஆல்பத்தின் பெயர் 'கோகின்ஷூ'. கிடைத்ததும் எந்தப் பாட்டு பிடித்தது என்று இங்கே சொல்லுங்கள்.