முதலில் அடுப்பைப் பார்த்தார்கள்

கேள்வி: அமெரிக்க எல்லைப்புறக் கதை ஒன்றைப் படமாகப் பார்த்தேன். இடுப்பளவு பனி. கொலைகாரனை ஷெரீஃப் தனி ஆளாகத் துரத்திப் போய், அங்கேயே சுட்டுக் கதையை முடிக்கிறார். வாய்தா இல்லை, ஜாமீன் இல்லை, பிறழ்சாட்சி இல்லை. அந்தக் காலத்துப் போலீஸ் அல்லவா போலீஸ்! நம் ஊரில் மட்டும் ஏன் எல்லாவற்றுக்கும் கோர்ட், கேஸ் என்று இழுக்கிறார்கள்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கம்பம்)

பதில்: டிக்கெட் காசு உங்களுடையது, தாராளமாக ரசியுங்கள். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு நிஜப் போலீஸுக்கு மார்க் போட வராதீர்கள். அதே பனி, அதே எல்லைப்புறம், நிஜக் கொலை ஒன்றைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

கனடாவின் வடமேற்கு மூலையில் யூகான். 1896இல் குளோண்டைக் பக்கம் தங்கம் கிடைத்தது. அடுத்த இரண்டு வருடத்தில் உலகத்துப் பேராசையெல்லாம் அங்கே மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. குளிர்காலத்தில் யூகான் ஆறு உறைந்துவிடும். அந்த உறைந்த ஆறுதான் நெடுஞ்சாலை. நாய் வண்டியும் நடையுமாகப் போகிறவர்களுக்குக் கரையோரம் ஆங்காங்கே சத்திரங்கள், போலீஸ் சாவடிகள், கூடவே ஒற்றைத் தந்திக் கம்பி. பாதரசமே உறைந்துபோகும் குளிர்.

1899 கிறிஸ்துமஸ் அன்று காலை, மின்ட்டோ என்ற இடத்துச் சத்திரத்திலிருந்து மூன்று பேர் சேர்ந்து தெற்கே கிளம்பினார்கள். ஸ்காக்வே ஊர் வியாபாரி கிளேசன், ரெல்ஃப் என்பவர், தந்தி லைன்மேன் ஓல்சன். அடுத்த சாவடியில் இருந்த கார்ப்பொரல் ரயன், பண்டிகைச் சாப்பாட்டுக்கு ஓல்சனை எதிர்பார்த்துக் காத்திருந்தார். ஆள் வரவில்லை. விருந்துக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை என்பதில்தான் இந்த வழக்கே தொடங்குகிறது. ரத்தமும் பிணமும் துப்பாக்கிச் சத்தமும் எதுவும் அப்போது இல்லை.

ரயன் தேடிப் போனார். ஆற்றுப் பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் ஒரு தடம் போவதைப் பார்த்தார். அதன் முடிவில் ஆளில்லாத கூடாரம். உள்ளே திருட்டுச் சாமான்கள், ஒரு தகர அடுப்பு.

இந்த இடத்தில் கான்ஸ்டபிள் அலெக்சாண்டர் பென்னிகுயிக் வருகிறார். கம்பத்துக்காரரான உங்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்காது. ஆனால் அணை கட்டியவர் ஜான், இவர் வேறு. இந்த வழக்கைப் பொறுத்தவரை இவருடைய பெரிய ஆயுதம் ஞாபகசக்தி. அந்த அடுப்பில் காற்றுக்காகப் போட்டிருந்த ஓட்டைகள் எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் இருந்தன. சில நாட்களுக்கு முன் வழியில் பார்த்த இரண்டு பேரிடம் இதே அடுப்பு இருந்தது அவருக்கு நினைவு வந்தது. அவர்களில் ஒருவன் ஜார்ஜ் ஓ'பிரையன், அந்த செப்டம்பரில்தான் டாசன் சிறையிலிருந்து வெளியே வந்தவன். அடுப்பில் ஓட்டை எந்த வடிவத்தில் இருக்கிறது என்று நம்மில் யார் பார்க்கிறோம்? எங்கள் வீட்டு அடுப்பில் எத்தனை பர்னர் என்று கேட்டாலே நான் ஒரு நிமிடம் யோசிப்பேன்.

தந்தி பறந்தது. ஜனவரியில் டாகிஷ் சாவடியில் ஓ'பிரையன் சிக்கினான். எந்தக் குற்றத்துக்கு? கவனியுங்கள், திருட்டுச் சந்தேகத்துக்கு. கொலை என்று சொல்லப் போலீஸிடம் அப்போது ஒரு உடல்கூட இல்லை. உங்கள் ஷெரீஃப் என்றால் அந்த நிமிடமே தோட்டாவைச் செலவு செய்திருப்பார். இவர்கள் அவனுக்குச் சோறு போட்டு உள்ளே வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார்கள்.

பென்னிகுயிக்கோடு, கிளேசன் குடும்பம் அமர்த்திய மக்வயர் என்ற அமெரிக்கத் தனியார் துப்பறிவாளரும் சேர்ந்துகொண்டார். வாரக்கணக்கில் இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை: பனியை அள்ளிப் பார்ப்பது. ஒரு கொலை நடந்த இடத்தின்மேல் இரண்டு மாதப் பனி விழுந்தால் தடயம் போச்சு என்றுதான் நமக்குத் தோன்றும். நடந்தது நேர் எதிர். மழையாக இருந்திருந்தால் ரத்தம் கரைந்து ஓடியிருக்கும். உறைபனி அதை விழுந்த இடத்திலேயே பிடித்து, மேலே மூடியும் போட்டு வைத்திருந்தது. மேல் அடுக்குகளைப் பதமாக நீக்கிக்கொண்டே போனால் கீழே அந்தக் கிறிஸ்துமஸ் நாள் அப்படியே கிடந்தது. உறைந்த ரத்தம், தோட்டா, மண்டையோட்டுச் சில்லுகள், உடைந்த பல் ஒன்றின் துண்டு.

காவலில் இருந்தவனின் நாயைக் கொண்டுவந்து ஆற்றுப் பாதையில் விட்டு, 'வீட்டுக்குப் போ' என்று விரட்டினார்கள். அது நேராகக் கூடாரம் இருந்த இடத்துக்கு வழிகாட்டிக்கொண்டு போனது. பாவம், அதற்கு எஜமான விசுவாசத்தைத் தவிர வேறென்ன தெரியும்!

அப்புறம் மரங்கள். மேட்டிலிருந்து பார்த்தால் ஆற்றில் வருகிறவர் போகிறவர் தெரிய வேண்டும் என்று யாரோ சில மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அடிக்கட்டைகளில் கோடாரி விழுந்த இடத்தில் மெல்லிய வரிகள். வாயில் பல் போன கோடாரி ஒவ்வொரு வெட்டிலும் அதே வரியைத்தான் போடும். ஓ'பிரையனுடைய கோடாரியின் விளிம்பு அந்த வரிகளோடு பொருந்தியது.

இவ்வளவு இருந்தும் வழக்கை அவசர அவசரமாக முடிக்கவில்லை. 1900இல் பனி உடைந்து ஆறு ஓடத் தொடங்கிய பிறகு மூன்று உடல்களும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பனியில் பொறுக்கிய அந்தப் பல் துண்டு, ஒருவரின் தாடையில் மிச்சமிருந்த பல்லோடு சேர்ந்தது. விசாரணை டாசனில், 1901 ஜூனில், ஜூரிகள் முன்னால். வழிப்போக்கர்களைக் கொன்று ஐஸுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று ஓ'பிரையன் முன்பு யோசனை சொன்னதாகச் சாட்சி சொல்ல, அமெரிக்கச் சிறையில் இருந்த ஒருவனை அவ்வளவு தூரம் கூட்டி வந்தார்கள். பிரதிவாதிக்கும் வக்கீல் இருந்தார். 1901 ஆகஸ்ட் 23 அன்று தூக்கு. கொலை நடந்து இருபது மாதம்! உலகத்தின் அந்தக் கோடியில், அந்தக் குளிரில், அத்தனை கோர்ட்டும் கேஸும்.

சுட்டு முடித்த கதை ஒன்றும் அதே வட்டாரத்தில் உண்டு, நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். 1931 டிசம்பர் கடைசி நாள், ராட் ஆற்றுக் கரையில் ஒரு குடிலின் கதவைப் போலீஸ் தட்டியது. அடுத்தவர் வைத்த பொறிகளைக் கலைத்தான் என்ற சின்னப் புகார்தான். உள்ளே இருந்தவன் கதவு வழியாகவே சுட்டான். ஆல்பர்ட் ஜான்சன் என்று அழைக்கப்பட்ட அவனைப் பனியில் ஏழு வாரம் துரத்தினார்கள். இடையில் மில்லன் என்ற கான்ஸ்டபிள் அவன் குண்டுக்குப் பலியானார். விமானம்கூட வரவழைக்கப்பட்டது. 1932 பிப்ரவரி 17 அன்று சுற்றி வளைத்துச் சுட்டார்கள். முதலில் சுட்டவன் அவன். கடைசிவரை சரணடையவும் இல்லை. அதனால் போலீஸைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் யார், ஏன் அப்படிச் செய்தான்? 2007இல் கல்லறையைத் தோண்டி டிஎன்ஏ எடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் அவன் நிஜப் பெயர் கிடைக்கவில்லை. ஓ'பிரையன் கதையில் அடுப்பின் ஓட்டை வரைக்கும் நமக்குத் தெரிகிறது. இந்த ஆளைப் பற்றிப் பெயர்கூடத் தெரியாது.

நம் கோர்ட்டுகள் இழுப்பது உண்மை. அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் அதற்கு யூகான் போலீஸைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அவர்கள் உங்கள் பக்கம் பேச மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. அந்த ஷெரீஃப் கையுறைகூட இல்லாமல் துப்பாக்கியைச் சுழற்றினார் என்று கடிதத்தின் பின்குறிப்பில் மெய்சிலிர்த்திருக்கிறீர்கள். மைனஸ் நாற்பதில் இரும்பை வெறுங்கையால் பிடித்தால் உள்ளங்கைத் தோல் அதோடு ஒட்டிக்கொள்ளும். கையை எடுத்தால் தோல் துப்பாக்கியோடு போய்விடும்.