நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள், வாட்ஸ்அப் அப்புறம்

கேள்வி: நான் தக்கலை பக்கம் பள்ளி ஆசிரியை. என் பாட்டா வைத்திருந்த யாஷிகா எம்எஃப்-2 பிலிம் கேமராவில் ஆறு மாதமாக வீட்டையும் தெருவையும் சந்தையையும் எடுத்து வருகிறேன். தெரிந்தவர் ஒருவர் ரோலும் விற்கிறார், வெளியூருக்கு அனுப்பிக் கழுவியும் தருகிறார். மூன்று ரோல் கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. எல்லாமே மங்கல், வெயிலில் எடுத்தவை நீலம் பூசியதுபோல இருக்கின்றன. நெகட்டிவ், அதாவது கழுவிய பிலிமைக் கேட்டால், "லேப்பிலேயே அழித்துவிடுவார்கள், இப்போது யாரும் அதை வாங்குவதில்லை" என்கிறார். குவைத்தில் இருக்கும் அண்ணனுக்கு நல்ல படமாக அனுப்ப ஆசை. கேமரா பழையதாகிவிட்டதால் இப்படியா? பாட்டாவின் பெட்டியில் எடுத்து முடித்த கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றும் இருக்கிறது. அதையும் அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: கறுப்பு வெள்ளை ரோலை அவரிடம் கொடுக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் கொடுத்துவிடக் கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கேமராமேல் பழி போட வேண்டாம். எம்எஃப்-2 எளிமையான கேமரா. ஃபோகஸ் திருப்பும் வேலையே கிடையாது, அதனால் ரொம்பக் கிட்டே நின்றவர்கள் கொஞ்சம் தெளிவில்லாமல் விழுவார்கள். ஐந்தடிக்கு மேல் தள்ளி நின்று எடுத்தால் முகம் சுத்தமாக வரும். லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கிற மாவட்டம் நம்முடையது, பீரோவுக்குள் வைத்த லென்ஸுக்கும் அது தெரியும். ஆனால் பூஞ்சையால் படம் மங்கலாகுமே தவிர நீலமாகாது.

நீலத்துக்குக் காரணம் அவர் விற்ற ரோல் என்றுதான் நினைக்கிறேன். டப்பாவை எடுத்துப் பாருங்கள். கம்பெனி பெயர் அச்சிட்டிருக்கிறதா, அல்லது வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி பேனாவால் "400" என்று எழுதியிருக்கிறதா? ஸ்டிக்கர் என்றால் அது பெரும்பாலும் சினிமா பிலிம். படப்பிடிப்பில் மிஞ்சும் துண்டுகளை மொத்தமாக வாங்கி, பழைய டப்பாக்களில் இருட்டில் சுற்றி, ஸ்டில் கேமரா ரோல் என்று விற்கிறார்கள். அந்த பிலிமைக் குறை சொல்லவில்லை. உலகத்திலேயே அருமையான பிலிம்களில் ஒன்று அது. ஆனால் அதில் ஒரு வகை, ஸ்டூடியோவின் மஞ்சள் விளக்குக்காகவே செய்தது. அதை முட்டம் கடற்கரை வெயிலில் எடுத்தால் வானம் மட்டுமல்ல, பாட்டியின் வெள்ளைச் சேலையும் நீலமாகும். லென்ஸ் முன்னால் ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் சரியாகும். அதை விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. சினிமா பிலிமின் முதுகில் பல வருடங்களாகக் கரிபோல ஒரு கறுப்புப் பூச்சு இருந்து வந்தது. 2025 முதல் கோடாக் அந்தப் பூச்சு இல்லாமலும் தருகிறது, ஆனால் பழைய சரக்கில் அது இருக்கும். சாதாரணக் கலர் ரோல்போலக் கழுவுவதற்கு முன் அதைத் தனியாக நீக்கியாக வேண்டும். தெரியாமல் கலர் மெஷினில் விட்டால் பூச்சு கரைந்து மருந்தையே கெடுக்கும், மற்றவர்கள் ரோலிலும் ஒட்டும். உங்கள் படங்களில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருந்தால் அவை அந்தக் கரியாக இருக்கலாம். அடுத்த ரோல் வாங்கும்போது டப்பாவுக்கு வெளியே நாக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் பிலிம் நுனியில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, சோடா உப்பு கரைத்த வெந்நீரில் நனைத்து முதுகுப்பக்கம் விரலால் தேயுங்கள். விரல் கறுத்தால் சினிமா பிலிம், கறுக்காவிட்டால் அது சினிமா பிலிம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விற்கிறவரின் எதிரிலேயே செய்தாலும் தப்பில்லை. ஒரு கலர் ரோலின் விலையும் கழுவும் கூலியும் சேர்ந்தால் இன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. 36 படத்துக்குப் பிரித்தால் படம் ஒன்றுக்கு இருபத்தேழு ரூபாய்க்கு மேல் விழுகிறது. அந்தக் காசைக் கொடுப்பவர் என்ன வாங்குகிறோம் என்று சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஒரு காலத்தில் ஊட்டியில், இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று அரசாங்கமே கம்பெனி நடத்தி 'இந்து' என்ற பெயரில் பிலிம் விற்றது. அது மூடிக் கிடக்கிறது. இப்போது பிலிமெல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கைமாறிக் கைமாறி நம் ஊருக்கு வரும்போது விலையும் ஏறுகிறது, ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களுக்கும் வழி பிறக்கிறது. நாகர்கோவிலில் கலர் லேப்புகள் நெருக்கமாக இருந்த காலத்தில் இந்த வேலையைச் செய்தவன் நான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சரி, நெகட்டிவுக்கு வருவோம். உங்களுக்கு நடந்ததில் மோசமானது இதுதான், நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். பிலிம் கேமராவில் உங்கள் படம் என்பது அந்த 24-க்கு 36 மில்லிமீட்டர் துண்டுதான். மொபைலில் வந்தது அதைப் பார்த்து எடுத்த நகல். அதுவும் அவசரத்தில், சிறிய அளவில் எடுத்தது. நெகட்டிவ் கையில் இருந்தால் நீலத்தைக்கூட நல்ல ஸ்கேனில் பெருமளவு திருத்தலாம். வாட்ஸ்அப்பில் வந்த நகலில் திருத்தப் பார்த்தால் முகம் மஞ்சளாகும், நீலம் போகாது.

"யாரும் வாங்குவதில்லை" என்பது சரியல்ல. திருப்பி அனுப்பும் கூரியர் காசை மிச்சம் பிடிக்க, கேட்காதவர்களின் நெகட்டிவைச் சில இடங்களில் குப்பையில் போடுகிறார்கள். இடையில் நிற்பவர் அந்தக் காசை உங்களிடம் வாங்கிக்கொண்டும் இப்படிச் சொல்லலாம். அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த லேப்? உங்கள் ரோல்களின் ஆர்டர் எண் என்ன? லேப்பை நீங்களே கூப்பிட்டு, கூரியர் செலவை நானே தருகிறேன், நெகட்டிவை என் முகவரிக்கு அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். பல இடங்களில் சில வாரங்கள், சில மாதங்கள் எடுத்து வைத்திருப்பார்கள். இன்றே கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். லேப் பெயரைச் சொல்ல அவர் மறுத்தால் அவரோடு கொடுக்கல் வாங்கல் முடிந்தது. இனி இடைத்தரகர் வேண்டாம். கூரியர் உறையில் ரோலோடு ஒரு தாள் வையுங்கள்: பெயர், போன் எண், எத்தனை ரோல், "நெகட்டிவ் திரும்ப வேண்டும்". அந்தத் தாளை மொபைலில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படங்களை அவர் தன் இணையப் பக்கத்தில் போட்டு விளம்பரம் செய்தால் தட்டிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தை எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். கழுவிக் கொடுத்தவர் அல்ல.

இப்போது பாட்டாவின் ரோல். கலர் ரோலில் படம் கடைசியில் சாயமாக நிற்கிறது, உள்ளே இருந்த வெள்ளியை மருந்து கரைத்துக் கழுவிவிடும். கறுப்பு வெள்ளையில் படமே அந்த வெள்ளிதான். ஆகவே கறுப்பு வெள்ளை ரோலைக் கலர் மருந்தில் போட்டால் படம் முழுவதும் கரைந்து போகும். கண்ணாடிபோல வெறும் பிளாஸ்டிக் வரும், எந்த விதத்திலும் மீட்க முடியாது. நான் வேலை பார்த்த ஒரு லேப்பில் இது நடந்தது. குளச்சலிலிருந்து ஒருவர் காலமான தன் அப்பா எடுத்த ரோலைக் கொண்டுவந்தார். டப்பாவைப் படிக்காமல் மெஷினில் விட்டுவிட்டார்கள். வெறும் பிலிமை அவர் கையில் கொடுத்தது நான்தான். அவர் சத்தம் போடவில்லை. அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு டப்பாவில் எழுதியிருப்பதை ஒரு முறைக்கு இரண்டு முறை படிக்காமல் நான் எந்த ரோலையும் தொட்டதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைத் தெரியாமல் எதிர்ப்பக்கமும் தவறு செய்கிறார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 என்று ஒரு பிலிம். படம் கறுப்பு வெள்ளைதான், ஆனால் உள்ளே கலர் பிலிம்போலச் சாயத்தில்தான் படம் நிற்கும். அதைக் கலர் மருந்தில்தான் கழுவ வேண்டும். கோடாக்கும் இந்த வகையில் ஒன்று விற்றது, இப்போது வருவதில்லை, ஆனால் பழைய பெட்டிகளில் கிடைக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? கலர் மருந்தில் கழுவும் முறைக்கு "சி-41" என்று பெயர், டப்பாவில் அந்த ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மேலே கறுப்பு வெள்ளை என்று போட்டிருந்தாலும், கலர் லேப்புக்குப் போகலாம். இல்லாவிட்டால் போகவே கூடாது. எழுத்து அழிந்து படிக்க முடியவில்லை என்றால் கறுப்பு வெள்ளை மருந்திலேயே கழுவச் சொல்லுங்கள். சி-41 ரோலைக் கறுப்பு வெள்ளை மருந்தில் போட்டாலும் கொஞ்சம் சொரசொரப்பாக ஒரு படம் வரும். மறுபடி சொல்கிறேன்: தவறி கறுப்பு வெள்ளை மருந்தில் போட்டால் ஏதோ ஒரு படம் மிஞ்சும், தவறி கலர் மருந்தில் போட்டால் ஒன்றும் மிஞ்சாது. சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது இதிலேயே இருக்கிறது.

கையால் கழுவுகிறவரிடம் கொடுக்கும்போது ரோல் எந்த வருடத்தது என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளை மருந்துக்கு வழக்கமான சூடு 20 டிகிரி. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் அதைவிட நன்றாகவே சூடு, பழகியவர்கள் ஐஸ் வைத்துத் தணிப்பார்கள். "குழாய்த் தண்ணீரே போதும்" என்று அலட்சியமாகச் சொல்பவரிடம் பாட்டாவின் ரோலைக் கொடுக்க வேண்டாம்.

அண்ணனுக்கு அனுப்புவது இவற்றிலெல்லாம் எளிது. ஸ்கேன் செய்யச் சொல்லும்போது நீளப் பக்கம் 3000 பிக்சலுக்குக் குறையாமல் வேண்டும் என்று கேளுங்கள். அந்த ஃபைலை லேப் நேரடியாக டிரைவ் லிங்க்காகத் தரட்டும். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக இணையுங்கள். போட்டோவாக அனுப்பினால் ஆப் படத்தைச் சுருக்கிவிடும், அண்ணன் அதை இன்னொருவருக்கு அனுப்பும்போதும் அவர் கையில் இருப்பது அந்தச் சுருங்கிய படம்தான். அங்கே அவர் நாலுக்கு ஆறு அங்குல பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்ட 1800-க்கு 1200 பிக்சல் போதும், 3000 இருந்தால் ஏ4 அளவுக்கும் தாங்கும்.

அண்ணன் விடுமுறைக்கு வரும்போது குவைத்திலிருந்து ரோல் வாங்கி வரச் சொன்னால், பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்ற வேண்டாம், கைப்பையில் வைத்துக் கையால் சோதிக்கக் கேட்கச் சொல்லுங்கள். சரக்குப் பெட்டியை ஸ்கேன் செய்யும் கதிர் கழுவாத பிலிமில் புகைபோலப் படியும்.

சந்தையில் மீன் விற்கும் அக்காக்களை எடுத்திருந்தால் பொதுவில் போடுவதற்கு முன் ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்து, போடலாமா என்று கேட்டுவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் படங்களைப் பொதுவில் போடவே வேண்டாம், குடும்பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தேதி. பிலிமுக்குத் தேதி தெரியாது. ஸ்கேன் செய்த நாளைத்தான் மொபைல் படம் எடுத்த நாளாக எடுத்துக்கொள்ளும், மூன்று ரோலும் ஒரே நாளில் எடுத்ததுபோல ஆல்பத்தில் வரிசையாக நிற்கும். நெகட்டிவ் வந்ததும் அதை வைக்கும் உறையில் மாதம், இடம், யார் என்று பென்சிலால் எழுதுங்கள். உறை பாலிபுரோப்பிலீனாக இருக்கட்டும், பிவிசி நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். தகர டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, மழைக்காலம் தொடங்கும்போதெல்லாம் அந்தப் பையை மாற்றுங்கள்.